ஏனோஸ் பெட்டிங்கில் தானே வெட்டிக்கொண்ட அம்பு

என் தங்கை புருஷன் ஏனோஸ் பெட்டிங்கிலை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. யுத்தத்துக்குப் போய்ச் செத்தவனைப் பற்றி இப்படி ஆரம்பிப்பது அழகில்லைதான். என்ன செய்ய, போன மாதம் எங்கள் வெதர்லி ஊர்க்கூட்டத்தில் அவன் பெயரைக் கல்லில் வெட்டி வைக்க வேண்டும் என்று பேசினார்கள். பெண்களுக்கு அங்கே வாய் கிடையாது. என் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கொண்டுபோன சாக்கில் வாசலில் நின்று கேட்டேன். 'ராஜாவின் அம்பை முதன்முதலில் எதிர்த்த வீரன்' என்று எழுதப் போகிறார்களாம். அந்த அம்பை வெட்டினதே அவன்தான். அது அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருத்தனுக்கும் தெரியும். அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தவர்கள்தான் அவர்கள். இங்கிலாந்து ராஜாவோடு நடந்த யுத்தம் முடிந்து மூன்று வருஷத்தில் எல்லாருக்கும் வசதியாக மறந்துபோயிற்று.

என் பெயர் சப்மிட். அடங்கி நட என்று அர்த்தம். அப்பா எனக்கு அந்தப் பெயரை வைத்து ஏமாந்தார். என் தங்கை டமாரிஸுக்கு வைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். அவள் பதினோரு வருஷம் அடங்கித்தான் இருந்தாள்.

ஏனோஸ் கடலோரத்துக்காரன். மூன்றாவது பிள்ளை. நிலம் அண்ணன்களுக்குப் போய்விட்டது. ஒரு கோடரி, ஒரு பசு, நிறைய வாய்ச்சவடால், இவ்வளவையும் எடுத்துக்கொண்டு எங்கள் மலைக்கு வந்தான். காட்டை வெட்டி அறுபது ஏக்கர் பிடித்தான். உழைப்பாளிதான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் நாலு பேர் தன்னைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று காது எப்போதும் அந்தப் பக்கமே இருக்கும். யாராவது 'பலே' என்றால் முகம் மலர்ந்துவிடும். யாராவது முகம் சுளித்தால் மூன்று நாள் சோறு இறங்காது. அப்படிப்பட்டவனை நம்பி ஒரு பெண்ணைக் கொடுக்கலாமா? அப்பா கொடுத்தார்.

கல்யாணத்தன்று அவன் டமாரிஸைக் கூட்டிக்கொண்டு போனது ஒரு மரக்கட்டைக் குடிசைக்கு. ஒரே அறை. கீழே வெறும் மண். குளிரில் அந்த மண் உறைந்து கல்லாகும், வசந்தத்தில் சேறாகும். மூத்த குழந்தை அந்தத் தரையில் தவழ்ந்துதான் மார்ச்சளி பிடித்துச் செத்தது என்று டமாரிஸ் நம்பினாள். நானும் நம்புகிறேன். அவள் வாயைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று, பலகைத் தரை போட்ட ஒரு வீடு. அவனும் சத்தியம் பண்ணியிருந்தான். குடிசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பைன் நின்றது. மூன்று பேர் கைகோத்தால்தான் சுற்றி வரும். நூற்றைம்பது அடி உயரத்துக்கு ஒரு வளைவு கிடையாது. அந்த ஒரு மரத்தில் வீடே வந்துவிடும். டமாரிஸ் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அகலமாக அறுத்தால் ஏழே பலகையில் அறை முழுக்கத் தரை.

"அடுத்த குளிருக்கு வெட்டிடலாம்" என்பான் ஏனோஸ். அடுத்த குளிர் வரும். அதற்கு அடுத்த குளிரும் வரும்.

அவனைச் சொல்லி முழுக் குற்றமில்லை. தடித்த பைன் எல்லாம் ராஜாவின் கப்பலுக்குப் பாய்மரம். நம் நிலத்தில் முளைத்திருந்தாலும் நமக்குச் சொந்தமில்லை. எங்கள் கடலோரப் போர்ட்ஸ்மத்திலிருந்து ராஜாவின் மர அதிகாரியுடைய ஆள் வந்து கைக்கோடரியால் பட்டையில் மூன்று வெட்டு வெட்டுவான், அம்பு மாதிரி. அப்புறம் அந்த மரத்தைத் தொட்டவனுக்குச் சிறை. ராஜா மூவாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறார். வெதர்லி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எங்கள் மரத்தின் தடிமன் மட்டும் தெரியும்! நாங்கள் அந்த அம்புக்கு மரியாதை கொடுத்ததில்லை. காக்கைக்கால் என்றுதான் சொல்வோம். "மலைச்சரிவுல நாலு மரத்துக்குக் காக்கைக்கால் விழுந்துடுச்சு" என்பார்கள். பிறந்ததிலிருந்து அதே பேச்சு. அம்பு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ராஜாவின் ஆள் ஒரு பக்கம் என்றால் நம் ஆட்கள் இன்னொரு பக்கம். ஆயிரத்து எழுநூற்று எழுபத்தொன்றாம் வருஷம் ஏனோஸின் ஓக் மரம் ஒன்று காணாமல் போனது. அவன் காய்ச்சலில் படுத்திருந்த வாரம். அடிமரமும் கொஞ்சம் சிராயும்தான் மிச்சம். ஒரு மாதம் கழித்து, கொல்லன் யாபேஸ் ஹாய்ட் தன் பட்டறைக்குப் புது உத்தரம் போட்டான். நல்ல ஓக். யாபேஸ் எங்கள் ஊர்ப் படையின் தலைவனும் கூட. சுதந்திரம், உரிமை, இங்கிலாந்துக்காரன் திருடன் என்று மூச்சுக்கு மூச்சு பேசுகிறவன். ஏனோஸ் அந்த உத்தரத்தை அண்ணாந்து பார்த்தான். யாபேஸ் அவனைப் பார்த்தான். ஏனோஸ், "உத்தரம் நல்லா அமைஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். இவன்தான் வீரன்!

வந்தவன் ஒரு காரியம் செய்தான். யாருக்கும் தெரியாமல், பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லாமல், தன் பைன் மரத்தில் தானே காக்கைக்கால் வெட்டினான். ராஜாவின் மரம் என்று நினைத்தால் எந்தத் திருடனும் கை வைக்க மாட்டான் அல்லவா? வீடு கட்டும்போது அந்தப் பட்டையைச் செதுக்கி எறிந்துவிட்டால் போயிற்று. நான் நினைத்துப் பார்க்கிறேன், அன்று சாயங்காலம் தன் புத்தியை மெச்சிக்கொண்டு எவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்டிருப்பான் என்று.

டமாரிஸ் அதைப் பார்த்து அழுதாள். ராஜாவின் ஆள் வந்து போயிருக்கிறான் என்றுதான் அவளும் நினைத்தாள். இவன் உண்மையைச் சொல்லவில்லை. "பார்த்துக்கலாம், விடு" என்றான்.

இரண்டு வருஷம் போயிற்று. எழுபத்துமூன்று நவம்பரில் மர அதிகாரியின் கையாள் ஒருவன் புதிதாக வந்தான், காலேப் திரஸ்காட் என்று. நல்ல குதிரை, வெள்ளிப் பொத்தான், இளிப்பு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிரசங்கத்துக்கும் நடுவில் ஊரே ஆலயத்தை ஒட்டின கணப்புக் குடிலில் உட்கார்ந்து கொண்டுவந்த ரொட்டியையும் பன்றிக்கறியையும் தின்றுகொண்டிருந்தது. திரஸ்காட் உள்ளே வந்து ஏனோஸின் தோளில் கை போட்டான்.

"இந்த ஊர்லயே ராஜாவுக்கு விசுவாசமான ஆள் இவர் ஒருத்தர்தான்" என்றான் எல்லாருக்கும் கேட்கும்படி. "நேத்து இவர் நிலத்துக்குப் போனேன். என் பட்டியல்லயே இல்லாத மரம். அம்பு போட்டது போட்டபடி இருக்கு. ஒரு சிராய் பெயரலை. மத்தவங்க நிலத்துல அடிமரம்தான் இருக்கு. பெட்டிங்கில் ஐயா, உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா எனக்கு வேலையே இருக்காது."

குடிலில் மெல்லுகிற சத்தம் நின்றது. ஏனோஸ் என்ன செய்திருக்க வேண்டும்? 'அது என் மரம், நான்தான் வெட்டினேன்' என்றால் ராஜாவின் முத்திரையைப் போலியாகப் போட்ட குற்றம். போர்ட்ஸ்மத் சிறை. சும்மா இருந்தால் ஊருக்குத் துரோகி. அவன் சும்மா இருந்தான். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. புகழ்ந்தார்களே என்று பழக்க தோஷத்தில் லேசாகச் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். ஊரும் பார்த்தது.

மறுநாள் காலை திரஸ்காட் எங்கள் மில்லுக்கு வந்தான். என் புருஷன் மோசே தண்ணீர்ச் சக்கரம் வைத்து மரம் அறுக்கிறவர். முற்றத்தில் கிடந்த நாற்பது கட்டையில் முப்பத்தொன்றுக்கு அம்பு போட்டுப் பறிமுதல் என்றான். அத்தனையும் ஊர்க்காரர்களின் மரம். எந்தக் கட்டை எங்கே கிடக்கிறது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? ஊருக்கு வேறு பதில் தேவைப்படவில்லை.

எனக்கும்தான். "உன் தங்கச்சி புருஷன் நம்ம அடிமடியிலயே கை வச்சுட்டான்" என்றார் மோசே. நான், "அந்த நாசமாப் போறவன் பேரை இனிமே இந்த வீட்டுல எடுக்காதீங்க" என்றேன். ஏழு வாரம் டமாரிஸ் வீட்டுப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த ஏழு வாரமும் ஊர் அவர்களைச் சும்மா விடவில்லை. பன்றி அடிக்க ஆள் கேட்டான், ஒருத்தரும் போகவில்லை. மாட்டுக்கு லாடம் அடிக்க யாபேஸிடம் போனான். "ராஜா கப்பல்ல லாடம் அனுப்புவாரு, காத்திரு" என்று கதவைச் சாத்தினான் யாபேஸ். மோசே அவன் மரத்தை அறுக்க மாட்டேன் என்றார். ஆலயத்தில் அவர்கள் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். டிசம்பர் கடைசியில், பாஸ்டனில் ராஜாவின் வரித் தேயிலையைக் கடலில் கொட்டின சேதி வந்தது. ஊருக்கு வெறி தலைக்கேறியது. கொட்ட எங்களிடம் தேயிலை இல்லை. ஏனோஸ் இருந்தான். ஒரு ஞாயிறு ஆலயம் விட்டு வீடு திரும்பினால், குடிசைக் கதவில் நிஜமான காக்கையின் கால் ஒன்றை வெட்டி ஆணியடித்திருந்தார்கள். அடுத்த ஞாயிறு இரண்டு. அதற்கடுத்த ஞாயிறு, வசந்தத்துக்குள் ஊரைவிட்டுப் போகாவிட்டால் தார் காய்ச்சி மேலே ஊற்றுவோம் என்று ஒரு சீட்டு.

அதற்குப் பிறகுதான் டமாரிஸ் இடுப்பளவு பனியில் மூன்று மைல் நடந்து என் சமையலறைக்கு வந்தாள். பாவாடை விறைத்துப் பலகை மாதிரி இருந்தது.

"அக்கா, அவரு காட்டிக் கொடுக்கலை."

"அப்ப திரஸ்காட் அவன் தோள்ல கை போட்டு ஏன் கொஞ்சுறான்?"

"தெரியலை. ஆனா கட்டை எங்க கிடக்குன்னு யாரும் சொல்லித்தான் தெரியணுமா? உங்க மில்லு ரோட்டோரத்துலதானே இருக்கு. குருடனுக்குக்கூடத் தெரியுமே!"

நான் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். ஏழு வாரமாக இந்தச் சின்ன விஷயம் எங்களில் ஒருவர் மண்டைக்கும் எட்டவில்லை.

"பிப்ரவரி கடைசியில மரத்தை எடுக்க வர்றாங்களாம், முப்பது ஜோடி மாட்டோட" என்றாள். "மரமும் போச்சு, மானமும் போச்சு. அக்கா, எனக்கு ஊரைவிட்டுப் போக இஷ்டம் இல்லை. என் குழந்தை இங்கதான் புதைஞ்சிருக்கு."

அவளோடு புறப்பட்டுப் போனேன். நேரே அந்த மரத்தடிக்குப் போய்ப் பனியைத் தட்டிவிட்டுப் பார்த்தேன். இருபது வருஷமாக மில் நடத்துகிற வீட்டில் இருக்கிறேன், ராஜாவின் அம்பை எத்தனையோ கட்டையில் பார்த்திருக்கிறேன். கூர் மேலே இருக்கும், மூன்று கோடும் கீழ்நோக்கி விரியும். இதில் கூர் கீழே இருந்தது. மூன்று விரலும் மேலே விரிந்திருந்தன. பனியில் காக்கை நடந்து போனால் எப்படி இருக்கும், அச்சு அசல் அப்படி.

ராஜாவின் ஆள் எவனும் அப்படி வெட்ட மாட்டான். காக்கைக்கால், காக்கைக்கால் என்று காலமெல்லாம் சொல்லி வளர்ந்த எவனோ ஒரு மடையன்தான் வெட்டியிருக்க முடியும்.

"ஏனோஸ்!" என்று கத்தினேன். தொழுவத்திலிருந்து வந்தான். இளைத்துப் போயிருந்தான்.

"இதை யாரு வெட்டினது?"

அவன் என்னைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான், டமாரிஸைப் பார்த்தான். "நான்தான் மதினி" என்றான்.

டமாரிஸ் அவனை அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள், "ரெண்டு வருஷமா நான் அழுததைப் பார்த்துக்கிட்டே இருந்தீங்க" என்று மட்டும் சொன்னாள்.

"ஓக் மாதிரி இதுவும் போயிடக் கூடாதுன்னுதான்..." என்று இழுத்தான். ஓக் கதை அப்போதுதான் எனக்குத் தெரியும்.

"சரி, இப்ப ஒரே வழிதான்" என்றேன் நான். "ஞாயித்துக்கிழமை ஆலயத்துல நடுவழியில எழுந்து நில்லு. குடிச்சவன், சோரம் போனவ எல்லாரும் நிக்கிறாங்கல்ல, அந்த மாதிரி. சீட்டு நான் எழுதித் தர்றேன். போதகர் வாசிக்கட்டும். இந்த ஊர்ல ஒருத்தனும் போய் திரஸ்காட்கிட்ட சொல்ல மாட்டான்."

"யாபேஸ் என்னைக் கொன்னுடுவான் மதினி."

"இப்ப மட்டும் கொஞ்சுறானா?"

நின்றான். ஞாயிறன்று நடுவழியில் போய் நின்றான். 'நான், ஏனோஸ் பெட்டிங்கில், ராஜாவின் குறியை என் சொந்த மரத்தில் என் கையால் வெட்டினேன். அயலார் திருடாமல் இருப்பதற்காகச் செய்தேன். அது பொய். அதற்காகக் கடவுளிடமும் சபையிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்' என்று போதகர் வாசித்து முடித்தார். யாபேஸ் பெஞ்சிலிருந்து எழுந்தான்.

"யாரைடா திருடன்னு சொல்றே?"

"உன்னைத்தான்" என்றான் ஏனோஸ். குரல் கீச்சென்று வந்தது. "உன் பட்டறையை அண்ணாந்து பாரு. அந்த உத்தரம் என்னுது."

யாபேஸ் கழுத்து வரை சிவந்து நின்றான். அப்போது எனக்குப் பொறுக்கவில்லை. பெண்கள் பேசக்கூடாத இடம், பேசிவிட்டேன். "சந்தேகம் இருக்கிறவங்க போய்ப் பாருங்க. அம்பைத் தலைகீழா வெட்டியிருக்கான். காக்கைக்கால்னு சொன்னதும் நிஜமாவே காக்கைக்காலை வெட்டி வச்சிருக்கான் இந்தப் புத்திசாலி."

யாரோ ஒருவர் கனைத்தார். இன்னொருவர் கனைத்தார். அப்புறம் ஆலயமே வெடித்தது. போதகர் வேதப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். அன்றைக்கே ஊர் முழுக்க மரத்தடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி சிரித்தது. துரோகி என்ற பெயர் போய்விட்டது. கோமாளி என்ற பெயர் வந்தது. நாலு பேரோடு வாழ அது எவ்வளவோ தேவலை, ஆனால் ஏனோஸுக்கு அது தாங்கவில்லை. தெருவில் போனால் 'கா, கா' என்று கத்தினார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போவான்.

யாபேஸ் கெட்டிக்காரன். உத்தரப் பேச்சை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். "அப்போ அது ராஜா மரமே இல்லை! பொய்க் குறின்னு தெரிஞ்சும் திரஸ்காட் பட்டியல்ல சேர்த்திருக்கான். அம்பு எந்தப் பக்கம் பார்க்கணும்னு அவனுக்குத் தெரியாதா? ஒரு மரத்தையும் விடக் கூடாது" என்று முழங்கினான். அவன் சொன்னதில் தப்பில்லை. வந்ததைச் சுருட்டுகிறவன்தான் திரஸ்காட். ஊர் மொத்தமும் இப்போது ஏனோஸின் மரத்துக்காகக் கிளம்பிவிட்டது.

டமாரிஸின் குடிசையில் உட்கார்ந்துதான் திட்டம் போட்டார்கள். திரஸ்காட் வருவதற்குள் மரத்தைச் சாய்ப்பது, உடனே துண்டு போடுவது, ஆட்கள் சுற்றி நின்று காவல் காப்பது, மோசே அறுத்துக் கொடுப்பது. நானும் இருந்தேன். அவ்வளவு பெரிய பைனை வெறும் தரையில் சாய்க்க முடியாது. தன் கனத்திலேயே பிளந்து போகும். சின்ன மரங்களையும் கிளைகளையும் வெட்டிப் பரப்பிப் படுக்கை போட்டு, அதன்மேல் விழ வைக்க வேண்டும். அந்தப் படுக்கையை டமாரிஸ் போட்டாள். நாலு நாள், விடிந்ததிலிருந்து இருட்டும் வரை, ஹெம்லாக் மரக் கிளைகளை இழுத்து இழுத்து இடுப்புயரத்துக்கு அடுக்கினாள். உள்ளங்கை பிய்ந்து ரத்தம் வந்தது. துணி சுற்றிக்கொண்டு இழுத்தாள். அப்படி அவள் சிரித்துப் பேசி நான் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. "அக்கா, சனிக்கிழமை சனிக்கிழமை தரையை மணல் போட்டுத் தேய்ப்பேன். நீ செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள வரணும்" என்றாள்.

அந்தப் புதன்கிழமை காலை நாங்கள் இருவரும் பின்பக்கம் போனபோது ஏனோஸும் இன்னும் மூன்று பேரும் வெட்ட ஆரம்பித்துப் பாதிக்கு மேல் போயிருந்தார்கள். முப்பது பேர் சுற்றி நின்றார்கள். முகத்தில் கரி வேறு பூசியிருந்தார்கள், அவர்களை எங்களுக்குத் தெரியாது பாருங்கள்! டமாரிஸ் மரத்தைப் பார்த்தாள். நின்றுவிட்டாள். மரம் எந்தப் பக்கம் விழும் என்று தீர்மானிக்கிற வெட்டுவாய் படுக்கையைப் பார்த்து இல்லை. எதிர்ப்பக்கம் திறந்திருந்தது. அந்தப் பக்கம் இருப்பது வெறும் பாறை.

"தப்பா வெட்டுறாங்க, தப்பா வெட்டுறாங்க" என்று ஓடினாள். "ஏங்க, படுக்கை இந்தப் பக்கம் இருக்கு!"

ஏனோஸ் கோடரியை நிறுத்தவில்லை. யாபேஸ்தான் பதில் சொன்னான். "நேத்து நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம்மா. முழுசா விழுந்தா ராஜா என்னைக்காவது எடுத்துக்குவான். ஒடைஞ்சா ஒருத்தனுக்கும் கிடையாது. மத்த ஊர்க்காரன் எல்லாம் நம்மளைப் பத்திப் பேசுவான் பாரு."

அதற்குள் மலைப்பாதையில் மாட்டு மணிச் சத்தம் கேட்டது. முன்னால் குதிரையில் திரஸ்காட், பின்னால் ஏழெட்டு ஆட்கள், அப்புறம் நீளமாக மாடுகள்.

"நிறுத்து! ராஜாவின் மரம்!" என்று திரஸ்காட் கத்தினான்.

"காக்கா மரம்!" என்று ஒருவன் கத்த, எல்லாரும் கா, கா என்று கூவினார்கள். இந்தத் தடவை கேலி ஏனோஸுக்கு இல்லை, திரஸ்காட்டுக்கு. ஏனோஸின் முகத்தை நான் பார்த்தேன். கரிக்கு நடுவில் பல் தெரிந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஊர் அவன் பக்கம். அவன் கோடரியை ஓங்கி ஓங்கிப் போட்டான். டமாரிஸ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேர் வந்து அவளைத் தூக்காத குறையாக அப்புறப்படுத்தினார்கள். "ஆபத்தும்மா, தள்ளி நில்லு" என்றார்கள், மரியாதையாகத்தான்.

மரம் முனகியது. மேலே உச்சி மெல்ல நகர்ந்தது. அப்புறம் வேகம் பிடித்து வந்து பாறைமேல் விழுந்தது. காலடியில் நிலம் குலுங்கியது. மூன்று இடத்தில் ஒடிந்து, அடியிலிருந்து நடு வரைக்கும் நீளவாக்கில் பிளந்து கிடந்தது. திரஸ்காட்டின் குதிரை மிரண்டு அவனைப் பனியில் தள்ளிவிட்டது. முப்பது பேரும் தொப்பியை வீசி எறிந்து சுதந்திரம், சுதந்திரம் என்று கத்தினார்கள். ஏனோஸைத் தோளில் தூக்கினார்கள். பனியை உருட்டி அடித்தே திரஸ்காட்டைத் துரத்தினார்கள். அவன் எழுதி அனுப்பின புகாருக்கு அதற்கப்புறம் பதில் வரவே இல்லை. அந்த வருஷம் ராஜாவின் ஆட்களுக்கு எங்கள் மலையைவிடப் பெரிய தலைவலி எல்லா ஊரிலும் இருந்தது.

ஏனோஸைக் கீழே இறக்கினதும் டமாரிஸ் அவன் முன்னால் போய் நின்றாள். கத்தவில்லை. அதனால்தான் எல்லாரும் அடங்கினார்கள்.

"நீங்க முப்பது பேர். அவங்க எட்டுப் பேர். துண்டு போட்டு வச்சிருந்தா ஒருத்தன் தொட்டிருப்பானா?"

யாபேஸ் குனிந்து தன் தொப்பியைத் தேடி எடுத்தான்.

"நம்மளைக் கேக்காம வரி போட்டான், நம்மளைக் கேக்காம மரத்தை எடுத்தான்னு ராஜாவை ஏசுறீங்க. நல்லது, ஏசுங்க. பதினோரு வருஷம் அந்த மரத்தைப் பார்த்துக்கிட்டே மண்ணுல படுத்தேன். நேத்து பேசி முடிவு பண்ணீங்களே, என்னைக் கேட்டீங்களா?"

யாபேஸ், "ஊரே சேர்ந்து உனக்கு வீடு கட்டித் தர்றோம்மா, இது என் வாக்கு" என்றான். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அந்த வசந்தத்தில் விதைப்பு, கோடையில் படைப் பயிற்சி, குளிரில் துப்பாக்கி மருந்து சேர்க்கிற வேலை. வாக்கு வாக்காகவே இருந்தது. பிளந்த மரத்தில் கூரை வேயக் கொஞ்சம் மரச்சில்லு தேறியது, மீதி விறகு. அந்த விறகு இரண்டு குளிருக்கு எரிந்தது. அடுப்பில் அதைப் போடும்போது டமாரிஸ் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

எழுபத்தைந்து ஏப்ரலில் மாசச்சூசெட்ஸில் ராஜாவின் சிப்பாய்கள் விவசாயிகளைச் சுட்டுவிட்டார்கள் என்று ஒருவன் குதிரையில் கத்திக்கொண்டே போனான். பிற்பகலுக்குள் யாபேஸ் ஆட்களைச் சேர்த்துவிட்டான். நான் ஒரு மூட்டை ரொட்டியோடு டமாரிஸ் வீட்டுக்குப் போயிருந்தேன். ஏனோஸ் துப்பாக்கியோடு வாசலில் நின்றான். அவள் சேற்றுத் தரையில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தாள். அவன் காலை மாற்றி மாற்றி நின்றான். கடைசியில் கேட்டான்.

"டமாரிஸ், நான் போகட்டுமா?"

பன்னிரண்டரை வருஷத்தில் அவன் அவளைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கே ஒரு நிமிஷம் அவன்மேல் இரக்கம் வந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"வேண்டாங்க" என்றாள். "போகாதீங்க. முதல்ல வீட்டைக் கட்டுங்க."

அவன் தலையை ஆட்டினான். வெளியே பாதையில் யாபேஸ் முரசு அடிக்க ஆரம்பித்தான். ஏனோஸ் அவளைப் பார்த்தான், பாதையைப் பார்த்தான். பிறகு துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.